லென்ஸ் வரவில்லை: பணம் போன வழியைப் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒருவர் இணையத்தில் பழைய கேமரா லென்ஸ் ஒன்றை வாங்கப் போனார். பணம் முழுசாகப் போனது, லென்ஸ் வரவில்லை. தினமும் எங்கோ நடப்பதுதான். இதை எடுத்து எழுதக் காரணம், அவர் அசட்டையான ஆள் இல்லை என்பது. விலையைப் பேசினார். பொருளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். ஆளைச் சோதித்தார். பணத்தைக்கூட இரண்டு தவணையாகப் பிரித்துத்தான் கொடுத்தார். அவர் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான்: பணம் எந்த வழியில் போகப்போகிறது என்பது. அதை விற்பவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். என் கணிப்பில் அவர் தோற்றது அந்த இடத்தில்தான். மற்றதெல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை.

தொடங்குமுன் ஒரு விளக்கம். இது ஒரே ஒருவருக்கு நடந்ததை அப்படியே எழுதியது இல்லை. ஒரே அச்சில் வரும் புகார்களின் பொது அம்சங்களைச் சேர்த்து ஒரு வாங்குபவர், ஒரு விற்பவர் என்று ஆக்கியிருக்கிறேன். உரையாடலும் அப்படிச் சேர்த்ததே. சட்டம், விதி, தேதி என்று வருபவை மட்டும் உள்ளது உள்ளபடி. அவர் பயன்படுத்திய செயலியின் பெயர் இங்கே முக்கியமில்லை. பணம் அனுப்பும்போது ‘தெரிந்தவருக்கு’, ‘பொருள் வாங்க’ என்று இரண்டு வழிகளைக் காட்டும் செயலி என்று தெரிந்தால் போதும்.

விளம்பரமும் விசாரணையும்

லென்ஸின் விலை, பழைய பொருள் சந்தையில் வழக்கமாகப் போகும் விலையில் முக்கால் பங்கு. பாதி விலை என்றால் அவரே சந்தேகப்பட்டிருப்பார். முக்கால் விலை ‘அவசரமாக விற்கிறார் போல’ என்று நினைக்க வைக்கும் விலை. விற்பவரின் கணக்கும் பல வருடப் பழசு. கல்யாணப் படங்கள், குழந்தை படம், பழைய பதிவுகளுக்குக் கீழே நண்பர்களின் வாழ்த்துகள். பழைய கணக்கு என்பதை நம்பிக்கைக்கு அடையாளமாக எல்லாரும் எடுத்துக்கொள்வதால்தான் பழைய கணக்குகளைத் திருடுகிறார்கள். கடவுச்சொல் பறிபோன ஒருவரின் கணக்கு, அவருடைய குடும்பப் படங்களோடு சேர்ந்து, வேறொருவரின் கடையாகிவிடுகிறது.

வாங்குபவர் படங்களை எடுத்து இணையத்தில் தேடிப் பார்த்தார். எங்கும் சிக்கவில்லை. இதில் நிம்மதி அடைய ஒன்றுமில்லை. உள்ளே நுழைந்தால்தான் தெரியும் விளம்பரங்களில் இருந்தும், மூடிய குழுக்களில் இருந்தும் எடுத்த படங்கள் தேடுபொறியில் பெரும்பாலும் வருவதில்லை. தேடி ஏதாவது கிடைத்தால் அது மோசடிக்கு நல்ல சாட்சி. கிடைக்காவிட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது.

அப்புறம் இன்றைய தேதியைக் காகிதத்தில் எழுதி லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அரை மணி நேரத்தில் வந்தது. சில வருடங்களுக்கு முன்பு இது ஓரளவு உறுதியான சோதனை. இன்றைக்குப் படத்தில் ஒரு காகிதத்தைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. அவர் கேட்டிருக்க வேண்டியது வீடியோ அழைப்பு. லென்ஸைக் கேமராவில் மாட்டி, ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, அடியில் உள்ள வரிசை எண்ணைக் காட்டச் சொல்ல வேண்டும். கேட்டார் என்றே வைத்துக்கொள்வோம், “ஆபீஸ்ல இருக்கேன் ப்ரோ, லென்ஸ் வீட்ல இருக்கு” என்ற பதில் தயாராக இருந்திருக்கும். ‘அப்படியானால் அரை மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் படத்தை எடுத்தது யார்?’ என்ற கேள்விக்குத்தான் பதில் இருந்திருக்காது.

அடையாள அட்டை விஷயம் தனி. கேட்காமலே விற்பவர் தன் அடையாள அட்டையின் படத்தை அனுப்பினார். “நம்பிக்கைக்காக ப்ரோ, நீங்களும் உங்களோடத அனுப்புங்க” என்றார். இவரும் அனுப்பினார். கேட்காமலே அடையாள அட்டை வருவதை நான் நல்ல அறிகுறியாகப் பார்ப்பதில்லை. உண்மையாக விற்க வந்தவர் முன்பின் தெரியாத ஆளுக்குத் தன் அட்டையை அனுப்பத் தயங்குவார், தயங்கவும் வேண்டும். இந்த மாதிரி வரும் அட்டை பெரும்பாலும் முன்பு ஏமாந்த ஒருவருடையது. அவரும் ‘நம்பிக்கைக்காக’ அனுப்பியிருப்பார். இனி இவருடைய அட்டை அடுத்த ஆளுக்குப் போகும். பணத்தைப் பற்றிய பேச்சு ஆரம்பிக்கும் முன்பே ஒரு இழப்பு நடந்து முடிந்துவிட்டது, அதை அவர் கவனிக்கவே இல்லை.

ஒரு திரை

பேச்சு விளம்பரத் தளத்தின் அரட்டைப் பெட்டியில்தான் தொடங்கியது. மூன்றாவது செய்தியிலேயே, “இங்க நோட்டிஃபிகேஷன் சரியா வரமாட்டேங்குது, நம்பர் குடுங்க” என்று வெளியே இழுத்துவிட்டார். வெளியே போனதும் என்னவெல்லாம் கழன்றுபோகும் என்று பாருங்கள். தளத்திடம் உரையாடலின் பதிவு இருக்காது. சந்தேகமான சொற்களைப் பார்த்ததும் தளம் காட்டும் எச்சரிக்கை வராது. பொருள் கைக்கு வரும்வரை பணத்தைத் தன்னிடம் நிறுத்திவைக்கும் வசதி அந்தத் தளத்தில் இருந்தால், அதுவும் பேச்சிலிருந்து காணாமல் போய்விடும்.

அடுத்ததுதான் முக்கியமான உரையாடல்.

“ப்ரோ, ‘பொருள் வாங்க’ன்னு போடாதீங்க. அதுல எனக்குப் பிடித்தம் வரும், பணத்தையும் சில நாள் நிறுத்தி வச்சிருவாங்க. ‘தெரிந்தவருக்கு’ன்னு போடுங்க. அந்தப் பிடித்தத்தை விலையிலயே குறைச்சுக்கறேன்.”

“சரி ப்ரோ. ஆனா பாதி இப்போ, மீதி டிராக்கிங் நம்பர் வந்ததும்.”

“தாராளமா.”

விற்பவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பொருள் வாங்க’ என்று அனுப்பினால் விற்பவரிடம் கட்டணம் பிடிப்பார்கள், நிஜம். புதிய விற்பனையாளரின் பணத்தைச் சில நாள் நிறுத்தி வைப்பதும் உண்டு. அந்தக் கட்டணமும் நிறுத்திவைப்பும் எதற்கு இருக்கின்றன என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. பொருள் வராவிட்டால் வாங்கியவருக்குத் திருப்பித் தர யாராவது பொறுப்பேற்க வேண்டுமல்லவா, அந்தப் பொறுப்புக்கான விலைதான் அது. விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அந்தப் பொறுப்பை வாங்குபவர் விற்றுவிட்டார். பேரம் படிந்துவிட்ட சந்தோஷத்தில் இது யார் கண்ணிலும் படாது.

பேபால் என்ற பணம் அனுப்பும் சேவை இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே சொல்கிறது: நண்பர், குடும்பத்தினருக்கு என்று அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. அமெரிக்கச் செயலியான வென்மோவிலும் பொருளுக்கான பணம் என்று குறித்து அனுப்பினால்தான் பாதுகாப்புக்கு வழி உண்டு. இந்த நிகழ்வின் செயலியும் அதையே சொன்னது, உறுதிப்படுத்தும் திரையில், தொகைக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், சின்ன எழுத்தில்.

அந்தத் திரையில் இன்னொன்றும் இருந்தது. பணம் பெறுபவரின் பெயர். அடையாள அட்டையில் ஓர் ஆணின் பெயர், திரையில் ஒரு பெண்ணின் பெயர். இவர் கேட்கத்தான் செய்தார்.

“அது என் மச்சினி அக்கவுன்ட் ப்ரோ. என்னோடதுல லிமிட் முடிஞ்சிருச்சு. அப்புறம், நோட்ல லென்ஸுன்னு ஏதும் எழுதாதீங்க, சும்மா ‘பர்த்டே’ன்னு போட்ருங்க.”

போட்டார். அனுப்பினார்.

இந்த ஒரு திரையில் மூன்று தடுப்புகள் இருந்தன: எந்த வழி என்ற தேர்வு, பெறுபவர் பெயர், குறிப்பு எழுதும் இடம். மூன்றையும் விற்பவரே நிரப்பிக் கொடுத்தார். அதில் எனக்கு மிக மோசமாகத் தெரிவது ‘பர்த்டே’. பின்னால் புகார் கொடுக்கும்போது, ‘நான் பொருள் வாங்கத்தான் அனுப்பினேன்’ என்று இவர் சொல்வதற்கு எதிரான சாட்சி இவர் கைப்படவே எழுதப்பட்டாயிற்று. வாங்குவதை வாங்குவதாகக் காட்டாதே என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். நேர்மையான விற்பவருக்கு அப்படி ஒரு தேவை வருவதில்லை.

பெயர் பொருந்தாதது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில செயலிகளில் திரையில் வருவது வங்கியில் பதிவான பெயர். சிலவற்றில் அது பயனர் தானே வைத்துக்கொண்ட பெயர், படமும் அப்படியே. எது என்று தெரிந்துகொள்ளாமல் அந்தப் பெயரை நம்ப முடியாது. வங்கிகளே பெயரைச் சரிபார்த்துச் சொல்லும் ஏற்பாடு பிரிட்டனில் 2020இல் வந்தது. யூரோ வட்டார நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் அது கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணக்கு அந்தப் பெயரில்தான் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கணக்கு வைத்திருப்பவர்தான் லென்ஸ் வைத்திருப்பவர் என்று சொல்லாது. இந்த மாதிரி மோசடிகளில் பணம் இறங்குவது வாடகைக் கணக்குகளில். வேலை தேடும் ஒருவர், செலவுக்குக் காசு வேண்டிய மாணவர் என்று யாரோ சிறு கமிஷனுக்குத் தன் கணக்கைப் பயன்படுத்தக் கொடுத்திருப்பார். பணம் வந்த வேகத்தில் அங்கிருந்து அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

மச்சினி கணக்கு என்பது உண்மையாகவே இருக்கலாம், குடும்பங்களில் சகஜம்தான். இருந்தாலும் வியாபாரம் பேசியது ஒருவரோடு, பணம் வாங்குவது இன்னொருவர். நாளைக்கு அந்த அம்மாள், “எனக்கு யாரோ பிறந்த நாள் பணம் அனுப்பினார்கள்” என்று சொன்னால் அதை மறுக்க இவரிடம் ஒரு காகிதம்கூட இல்லை.

டிராக்கிங் எண்

மறுநாள் எண் வந்தது. கூரியர் நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தார். உண்மையான எண். பார்சல் கிளம்பியிருக்கிறது, இவருடைய ஊரை நோக்கித்தான் வருகிறது. மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டார்.

பார்சல் உண்மை, அது வேறொருவருடையது. பொதுவான டிராக்கிங் பக்கத்தில் ஊர் தெரியும், முழு முகவரி தெரியாது. அதே ஊருக்குப் போகும் ஏதோ ஒரு பார்சலின் எண் கிடைத்தால் போதும். அந்தப் பக்கத்தில் இன்னொரு விவரமும் இருந்தது, எடை: 0.2 கிலோ. இவர் வாங்கிய மாதிரி பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் பெட்டியில்லாமலே ஒரு கிலோவை ஒட்டி வரும். எண் உண்மைதானா என்று பார்த்தவர் அந்த வரியைப் பார்க்கவில்லை. கூரியர் அலுவலகத்தைக் கூப்பிட்டு, “இந்த எண்ணில் என் பெயருக்கு ஏதாவது வருகிறதா?” என்று கேட்டிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

இரண்டு தவணை என்பது கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் இரண்டாவது தவணையைத் திறக்கும் சாவியை விற்பவரிடமே கொடுத்துவிட்டால் அது தவணையே இல்லை. மீதியைப் பொருள் கைக்கு வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லியிருந்தால் அதற்கு அர்த்தம் இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் மின்னஞ்சல். செயலி நிறுவனத்தின் இலச்சினை, வண்ணம் எல்லாம் போட்டு, ‘உங்கள் பார்சல் காப்பீட்டுக்காக நிறுத்தப்பட்டுள்ளது, இந்தத் தொகையைச் செலுத்தினால் பொருள் வந்ததும் முழுசாகத் திருப்பித் தரப்படும்’ என்று. இங்கேதான் அவருக்கு உறைத்தது. விற்பவரிடம் கேட்டார், பதில் சுருக்கமானது, பிறகு பிளாக். திருப்பித் தரப்படும் என்று சொல்லி முன்கூட்டியே கேட்கப்படும் எந்தத் தொகையும் இந்த விளையாட்டின் அடுத்த சுற்றுதான். சிலர் நான்கைந்து சுற்று வரை போயிருக்கிறார்கள். ஏற்கெனவே போட்ட பணத்தைக் காப்பாற்றத்தான் மனசு மேலும் போடச் சொல்லும்.

நீங்களேதானே அனுப்பினீர்கள்

செயலி நிறுவனத்தின் பதில் ஒரே வரி: தெரிந்தவருக்கு என்று அனுப்பப்பட்ட பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. வங்கியின் பதில் இன்னும் கொஞ்சம் மரியாதையாக அதையே சொன்னது. பரிமாற்றம் உங்கள் ஃபோனில் இருந்து, உங்கள் பின் எண்ணோடு, உங்கள் ஒப்புதலோடு நடந்திருக்கிறது.

பணச் செயலிகளைப் பற்றிய பாதுகாப்புச் சட்டங்கள் பலவும் இந்த ஒரு கோட்டைத்தான் மையமாக வைத்திருக்கின்றன: பணத்தை நகர்த்தியது நீங்களா, வேறு யாராவதா? அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டின் மின்னணுப் பணமாற்றச் சட்டம் உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த பரிமாற்றத்துக்குத்தான் நல்ல பாதுகாப்பு தருகிறது. யாரோ சொன்ன பொய்யை நம்பி நீங்களே பொத்தானை அழுத்தினால் நிலைமை வேறு. 2017இல் அமெரிக்க வங்கிகள் கொண்டுவந்த செல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையைச் சுற்றி நடந்த சண்டை இதில்தான். 2024 டிசம்பரில் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, அதை நடத்தும் நிறுவனத்தின் மீதும் மூன்று பெரிய வங்கிகளின் மீதும் வழக்குப் போட்டது. அந்த மூன்று வங்கிகளின் வாடிக்கையாளர்கள் மட்டும் 7 ஆண்டுகளில் 87 கோடி டாலருக்கு மேல் இழந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆட்சி மாறிய பின், 2025 மார்ச்சில், அந்த வழக்கை அந்த அமைப்பே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் நியூயார்க் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் தனியாக ஒரு வழக்குப் போட்டார்.

பிரிட்டனில் கதை வேறு பக்கம் திரும்பியது. ஏமாற்றப்பட்டு வாடிக்கையாளர் தானே தெளிவாக உத்தரவு கொடுத்தால் வங்கி அதை நிறைவேற்றத்தான் வேண்டும் என்று 2023 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. நட்டத்தை யார் தாங்குவது என்பது நாடாளுமன்றமும் கட்டுப்பாட்டு அமைப்புகளும் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றும் சுட்டிக்காட்டியது. 2024 அக்டோபர் 7 முதல் அங்கே விதி வந்தது. உள்நாட்டு உடனடி வங்கிப் பரிமாற்றத்தில் இப்படி ஏமாந்தவருக்கு 85,000 பவுண்டு வரை வங்கி திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் ஆளுக்குப் பாதி. பணம் இறங்கும் கணக்கைத் திறந்துகொடுத்த வங்கியும் பங்கு போட வேண்டும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. வாடகைக் கணக்குகளைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு இப்போது ஒரு விலை இருக்கிறது. ஆனால் நேர்மையான விற்பவரோடு வரும் தகராறு, அதாவது பொருள் வந்தது, தரம் சரியில்லை என்பது போன்றவை, இந்த விதிக்குள் வராது.

பிரேசிலின் பிக்ஸ் என்ற உடனடிப் பணமாற்ற முறையில் 2021 நவம்பரில் இருந்து மோசடிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி இருக்கிறது. 80 நாளுக்குள் கேட்க வேண்டும். பணம் போன கணக்கில் மிச்சம் இருந்தால்தான் பலன். ஆக, எந்த நாட்டில், எந்த வகைப் பரிமாற்றத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்து இதே இழப்பு முழுசாகத் திரும்பலாம், சல்லிக்காசுகூடத் திரும்பாமலும் போகலாம். லென்ஸ் வாங்கியவருக்குத் திரும்பவில்லை.

அதே லென்ஸ், வேறு வழி

இதே விற்பவர், இதே பொய், இதே அட்டை. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். வாங்குபவர் இப்படிச் சொல்லியிருந்தால்?

“ப்ரோ, நான் ‘பொருள் வாங்க’ன்னுதான் போடுவேன். உங்களுக்குப் போற பிடித்தத்தை நானே சேர்த்துத் தர்றேன், விலையில அந்த அளவு கூட்டிக்கோங்க.”

அடையாள அட்டை, தேதி எழுதிய காகிதம், பழைய கணக்கு எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரி நல்ல சோதனை. கட்டணம்தான் பிரச்சினை என்றால் பிரச்சினை இத்தோடு தீர்ந்தது. உண்மையான விற்பவர் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். மற்றவர் புதிதாக ஒரு காரணம் தேடுவார்: கணக்கு புதுசு, அந்த வசதி வேலை செய்யவில்லை, வேறொருவர் பணத்தோடு நிற்கிறார். காரணம் மாறினாலே விஷயம் புரிந்துவிடும்.

ஒப்புக்கொண்டு பணம் வாங்கிவிட்டு ஏமாற்றினாலும் வழி உண்டு. உதாரணமாக பேபாலில் பணம் செலுத்திய நாளில் இருந்து 180 நாளுக்குள் புகாரைத் தொடங்கலாம். பேசித் தீராவிட்டால், புகாரைத் தொடங்கிய 20 நாளுக்குள் அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். ‘இதோ அனுப்பிட்டேன், அதோ வருது’ என்று நாளைக் கடத்துவது இந்தக் கெடுவைத் தாண்ட வைக்கத்தான். ‘புகாரை வாபஸ் வாங்குங்க, உடனே பணம் போடறேன்’ என்றால் வாங்கக் கூடாது. மூடிய புகாரை மறுபடி திறப்பது கஷ்டம்.

இந்தப் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நேரில் போய் எடுத்துக்கொண்ட பொருள் ‘வரவில்லை’ என்று புகார் சொல்ல முடியாது. வாகனங்கள் பொதுவாகச் சேராது. அதே ஊரில் வேறு முகவரிக்கு ஒரு வெற்றுப் பார்சலை அனுப்பி, ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று காட்டும் தந்திரமும் இருக்கிறது. அதற்கு மருந்து, அந்தப் பார்சல் உங்கள் முகவரிக்கு வரவில்லை என்று கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குவது. பெட்டியில் லென்ஸுக்குப் பதில் கல் வந்தால் பிரித்ததற்குப் பிறகு எடுத்த படம் போதாது. ஒட்டு நாடா அறுபடாத நிலையில் தொடங்கி, முகவரிச் சீட்டும் தெரிய, ஒரே மூச்சில் எடுத்த வீடியோ வேண்டும்.

செயலிக்குப் பின்னால் எந்தப் பணம் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். கடன் அட்டை வழியாகப் பொருளுக்குச் செலுத்தினால் அட்டை நிறுவனத்திடம் முறையிட இன்னொரு கதவு இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் அது பெரும்பாலும் 120 நாள். அதே அட்டையில் இருந்து ‘தெரிந்தவருக்கு’ என்று அனுப்பினால் சில வங்கிகள் அதை ரொக்கம் எடுத்ததாக எண்ணி அன்றைக்கே வட்டி போட ஆரம்பித்துவிடும்.

இரண்டு வழி காட்டாத முறைகளும் உண்டு. யுபிஐ, செல், பிக்ஸ் போல வங்கிக் கணக்கில் இருந்து வங்கிக் கணக்குக்கு நொடியில் போய் விழுபவை. அவற்றில் தனியாள் ஒருவருக்கு அனுப்புவது நோட்டை எண்ணிக் கையில் கொடுப்பது மாதிரிதான். ஆகவே பொருள் முதலில், பணம் பிறகு. நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்தித்து, லென்ஸை உங்கள் கேமராவிலேயே மாட்டி நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு, அங்கேயே அனுப்பலாம். சந்திக்க வழியில்லை, தளத்தில் பணத்தை நிறுத்திவைக்கும் வசதியும் இல்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடுவது நல்லது. கறாராகத் தெரியலாம், ஆனால் நடுவில் யாரும் பொறுப்பேற்காத இடத்தில் முன்பணம் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. நடுநிலை நிறுவனம் என்று விற்பவரே ஒரு லிங்க் அனுப்பினால் அதைத் தொட வேண்டாம். அந்தத் தளமும் அவருடையதாக இருக்கும்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்பது இன்னொரு கிளை. யுபிஐயில் பணம் வாங்கப் பின் எண் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. பணம் கேட்டு வரும் கோரிக்கையைப் பணம் வரும் செய்தி என்று நம்ப வைத்து ஏமாற்றுவது அதிகமானதால், தனியாளிடம் தனியாள் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியையே இந்தியாவில் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் தந்திரம் அதனால் ஒழிந்துவிடவில்லை.

முதல் ஒரு மணி நேரம்

ஏமாந்தது தெரிந்ததும் லென்ஸ் வாங்கியவர் செய்தது, விடிய விடிய விற்பவருக்குச் செய்தி அனுப்பியது. கெஞ்சினார், போலீசுக்குப் போவேன் என்றார். அந்த இரவில் பணம் வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. விற்பவரோடு பேச இனி எதுவும் இல்லை. முதல் அழைப்பு வங்கிக்குப் போக வேண்டும், கையோடு செயலிக்குள்ளேயே புகார். பெற்ற கணக்கில் பணம் இருக்கும்போதே அதை முடக்குவதுதான் நோக்கம். இந்தியாவில் 1930 என்ற எண் இதற்காகவே இருக்கிறது. பிரிட்டனில் 159ஐ அழைத்தால் பெரும்பாலான வங்கிகளின் சரியான எண்ணுக்கு இணைப்பு கிடைக்கும். வங்கி எண்ணைத் தேடுபொறியில் தேடி எடுக்க வேண்டாம். போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் அங்கே காத்திருக்கும். அட்டையின் பின்புறம் இருக்கும் எண் போதும்.

புகாரில் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ‘யாரோ என் கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று சொன்னால் திரும்பக் கிடைக்கும் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். எந்த ஃபோனில் இருந்து எப்போது என்ன அழுத்தப்பட்டது என்பது பதிவில் இருக்கும். அந்தப் பொய் வெளிப்பட்டால், மோசடி என்று நியாயமாகக் கிடைக்க வேண்டியதும் கெட்டுப்போகும்.

சாட்சியங்களில் முதலில் காணாமல் போவது உரையாடல். அனுப்பியவர் தன் செய்திகளை இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும். அதனால் எண் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட், விளம்பரத்தின் முழு முகவரி, புரொஃபைலின் முகவரி, பரிவர்த்தனை எண் எல்லாவற்றையும் பிளாக் ஆவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். காட்சிப் பெயர் ஒரு நிமிடத்தில் மாறிவிடும், புரொஃபைலின் முகவரி அவ்வளவு சுலபமாக மாறாது. அடையாள அட்டையை அனுப்பியிருந்தால் அதையும் புகாரில் எழுத வேண்டும். நாளைக்கு அந்த அட்டையைக் காட்டி வேறொருவரை ஏமாற்றினால் இவர் பெயரில்தான் விசாரணை வரும்.

லென்ஸ் வாங்கியவர், தான் ஏமாந்த கதையை ஒரு பொதுக் குழுவில் எழுதினார். எச்சரிக்கைக்காகத்தான். சில மணி நேரத்தில் தனிச் செய்தி ஒன்று வந்தது: “சார், எனக்கும் இதேதான் நடந்துச்சு. ஒருத்தர் முழுப் பணத்தையும் மீட்டுக் குடுத்தாரு, அவர் நம்பர் தரட்டுமா?” அந்த ஒருத்தர் சைபர் நிபுணராம். பணம் எந்தக் கணக்கில் முடங்கிக் கிடக்கிறது என்று தெரியுமாம், அதை விடுவிக்க ஒரு சிறு கட்டணம் மட்டும் முன்னால் கட்ட வேண்டுமாம், அதுவும் ‘தெரிந்தவருக்கு’ என்ற வழியில். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும், பொதுவில் எழுதும் புகார்களையும் இதற்கென்றே படிப்பவர்கள் இருக்கிறார்கள். முடக்கப்பட்ட பணத்தை விடுவிப்பது வங்கியும் காவல்துறையும் நீதிமன்றமும் தங்கள் முறைப்படி செய்யும் வேலை, அதில் தனியாள் யாருக்கும் பங்கில்லை. இவர் அந்த எண்ணுக்குப் பேசவில்லை. வந்த செய்தியையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஏற்கெனவே கொடுத்திருந்த புகாரோடு சேர்த்துவிட்டார்.